பதினோரு வருடம் கழித்துப் பாவசங்கீர்த்தனம்: கொடைக்கானல் பூண்டுக் கடைக்காரர் சொல்லும் வழி

“அண்ணே, கோயில்ல பாவசங்கீர்த்தனம் எத்தனை மணிக்குக் கேப்பாங்க?”

கொடைக்கானலில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். மலைப்பூண்டு, யூகலிப்டஸ் தைலம், வீட்டுச் சாக்லேட், இப்படி. மாதத்தில் நாலைந்து முறையாவது இந்தக் கேள்வி வரும். வந்ததும் யாரும் கேட்பதில்லை. முதலில் கால் கிலோ பூண்டு. அப்புறம் தைலம் ஒரு பாட்டில். மீதிச் சில்லறை வாங்கும்போதுதான், பக்கத்தில் நிற்கும் மனைவிக்கோ கணவருக்கோ கேட்காத குரலில் இது. மணியைச் சொன்னதும், “சும்மா தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேன்” என்று ஒரு வாலும் சேர்ப்பார்கள்.

சும்மா கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பாவசங்கீர்த்தனம் என்றால், கத்தோலிக்கக் கோயிலில் குருவானவரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது. நானும் பதினோரு வருடம் சும்மா இருந்தவன்தான். கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஒரு தடவை போனேன். அடுத்துப் போனது மூத்த மகள் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்குவதற்கு முந்தின வாரம். இடையில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விட்டதில்லை. ஆனால் நன்மை வாங்க எல்லோரும் எழுந்து போகும்போது நான் மட்டும் வெளியே வந்து, யாரோ செருப்பைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது போல வாசலில் காவல் நிற்பேன்.

மகள்தான் பிடித்தாள். ஞானோபதேச வகுப்புப் பாடத்தை ஒப்பிக்க வந்தவள், “நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு எத்தனை காரியம் வேணும்ப்பா?” என்று கேட்டாள். “அஞ்சு” என்று சட்டென்று சொல்லிவிட்டேன். சின்ன வயதில் உபதேசியார் அடித்து ஏற்றியது, அது எங்கே போகும்? “நீங்க கடைசியா எப்பப்பா பண்ணுனீங்க?” என்றாள். அதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை.

அந்த ஐந்து இவைதான்: பாவங்களை நினைத்துப் பார்ப்பது, அவற்றுக்காக மனஸ்தாபப்படுவது, இனிச் செய்வதில்லை என்று பிரதிக்கினை செய்வது, குருவானவரிடம் சொல்வது, அவர் கொடுக்கும் அபராதத்தை, அதாவது பரிகாரத்தை, தீர்ப்பது. புதிதாக வருகிறவர்கள் நாலாவதை நினைத்துத்தான் நடுங்குகிறார்கள். என்னைக் கேட்டால் அதுதான் இருப்பதிலேயே சுலபம், ஐந்து நிமிடத்து வேலை. முதலாவதும் ஐந்தாவதும்தான் ஆளை வேலை வாங்கும்.

பெயரில் ஒரு குழப்பம் வரலாம். பெரியவர்கள் பாவசங்கீர்த்தனம் என்பார்கள். கோயில் அறிவிப்புப் பலகையில் ‘ஒப்புரவு அருட்சாதனம்’ என்று இருக்கும். இளவட்டங்கள் ‘கன்ஃபெஷன்’ என்று முடித்துவிடுவார்கள். மூன்றும் ஒன்றுதான். தமிழுக்கு இது புது விஷயமும் இல்லை. தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் 1578-ல் கொல்லத்தில் வந்தது. இரண்டே வருடத்தில், 1580-ல், பாவசங்கீர்த்தனத்துக்கென்றே தமிழில் ஒரு கையேட்டை, போர்த்துகல்லிலிருந்து வந்த சேசு சபைக் குரு அண்டிரிக் அடிகளார் கொச்சியில் அச்சடித்துவிட்டார். நாலரை நூற்றாண்டாக நம் ஆட்கள் இதற்கு வழி கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

யார் போகலாம்

ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கர் யாரும் போகலாம். கனமான பாவங்களை வருடத்துக்கு ஒரு தடவையாவது சொல்ல வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். 1215-ல் நடந்த நான்காம் லாத்தரன் சங்கம் வைத்த விதி அது. பெரியவரான பிறகு ஞானஸ்நானம் வாங்கியவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அதற்கு முந்தைய பாவங்கள் எல்லாம் அந்தத் தண்ணீரிலேயே போய்விட்டன. அதற்குப் பிறகு செய்தவை மட்டும்தான் கணக்கு. இருபது வயதில் செய்ததை எல்லாம் தோண்டி எடுத்துக்கொண்டு வரத் தேவையில்லை.

மற்ற சபையினர், மற்ற மதத்தினர் என்றால் பொதுவாக அருட்சாதனமாகப் பெற முடியாது. ஆனால் ஒரு குருவானவரிடம் உட்கார்ந்து மனதில் உள்ளதைப் பேச, ஆசீர்வாதம் வாங்க, யாரும் தடுப்பதில்லை. எனக்குத் தெரிந்த பழக்கடை அண்ணன் ஒருவர், வருடம் தவறாமல் பழனிக்கு நடந்துபோய் மொட்டை போட்டுக்கொள்பவர். நான் திரும்பிப் போன கதையைக் கேட்டுவிட்டு, “நாங்க முடிய இறக்குறோம், நீங்க வாயால இறக்குறீங்க, அவ்வளவுதானே?” என்றார். அவ்வளவுதானா என்று இன்னமும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அன்றைக்கு மறுத்துப் பேசத் தோன்றவில்லை.

இந்த மலையில் ஏன்

பாவசங்கீர்த்தனம் எந்த ஊரிலும் செய்யலாம். மலை ஏறி வரவேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனாலும் இங்கே வந்து செய்பவர்கள் நிறையப் பேர். ஒரு காரணம் வெளிப்படை: இங்கே யாருக்கும் அவர்களைத் தெரியாது. சொந்தப் பங்கில், அதாவது தன் ஊர்க் கோயிலில், வாரா வாரம் பார்க்கிற சாமியாரிடம் சொல்லக் கூச்சம். அதில் தப்பே இல்லை. யாரிடம் போவது என்பது போகிறவருடைய உரிமை, சட்டமே அப்படித்தான் சொல்கிறது.

இன்னொரு காரணம் சலேத் மாதா. இங்குள்ள சலேத் மாதா கோயிலை 1866-ல் சேசு சபைக் குருக்கள் கட்டினார்கள். அதற்கு இருபது வருடம் முன்னால், 1846 செப்டம்பர் 19 அன்று, பிரான்சு நாட்டு ஆல்ப்ஸ் மலையில் சலேத் என்ற ஊருக்கு மேலே, மாடு மேய்த்துக்கொண்டிருந்த மெலானி, மாக்சிமன் என்ற இரண்டு பிள்ளைகளுக்கு மாதா காட்சி கொடுத்ததாக வரலாறு. முகத்தைக் கையில் புதைத்து அழுதுகொண்டிருந்தார் என்றார்கள். ‘பாவிகளை ஒப்புரவாக்கும் அன்னை’ என்று அவருக்குப் பட்டமே உண்டு. மலை மேல், மாட்டுக்காரப் பிள்ளைகளிடம், மனந்திரும்பச் சொல்லி ஒரு தாய் அழுத கதை. நம் மேல்மலைக்காரர்களுக்குப் பிடித்துப்போனதில் ஆச்சரியம் என்ன?

அந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் உருளைக்கிழங்கு. அழுகிப்போகும் உருளைக்கிழங்கைப் பற்றி மாதா நல்ல பிரெஞ்சில் பேசியபோது பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லே விளங்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். உடனே அவர் அந்த மலைக்காட்டுப் பேச்சுக்கு மாறி, அதிலேயே தொடர்ந்தார் என்று பிள்ளைகள் சொன்னார்கள். பாவசங்கீர்த்தனத்துக்குச் செந்தமிழ் வராதே என்று தயங்குகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ‘நான் பிறர் பொருளைக் கவர்ந்தேன்’ என்று மேடைத் தமிழில் சொல்ல வேண்டியதில்லை. “சாமி, எடையில ஏமாத்துனேன்” போதும்.

சலேத் மாதா சுரூபத்தை அடுத்த தடவை பார்த்தால் நெஞ்சைக் கவனியுங்கள். சிலுவை ஒன்று தொங்கும். அதன் ஒரு பக்கம் சுத்தியல், மறுபக்கம் குறடு. ஆணி அடிப்பதற்கு ஒன்று, ஆணி பிடுங்குவதற்கு ஒன்று. வரிசையில் நிற்கும்போது பார்த்துக்கொண்டிருக்க அதைவிட நல்லது எதுவும் எனக்குக் கிடைத்ததில்லை.

எப்போது வருவது

பொதுவாக எல்லாப் பங்குகளிலும் பூசைக்கு அரை மணி நேரம் முன்னால் குருவானவர் தொட்டியில், அதாவது பாவசங்கீர்த்தனம் கேட்கும் மறைப்பிடத்தில், இருப்பார். சனிக்கிழமை மாலையும், மாதத்தின் முதல் வெள்ளிக்கு முந்தின நாளும் கூடுதல் நேரம் கிடைக்கும். நேரம் அவ்வப்போது மாறும், கோயில் அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. சலேத் கோயிலில் ஆள் இல்லை என்றால் மூஞ்சிக்கல்லில் திரு இருதய ஆண்டவர் ஆலயம் இருக்கிறது. பூசை முடிந்து சாமியார் அறைக்குப் போகும் வழியில் மறித்து, “சாமி, அஞ்சு நிமிஷம்” என்றாலும் அநேகமாக மறுக்க மாட்டார்கள். நான் அப்படித்தான் போனேன்.

திருவிழா சமயத்தில் வருவதானால் யோசித்து வாருங்கள். இங்கே ஆகஸ்ட் 15-ஐ ஒட்டித் திருவிழா. பல குருக்கள் உட்கார்ந்து கேட்பார்கள், அது வசதி. ஆனால் வரிசை நீளம், பின்னால் நிற்பவர் உங்கள் முதுகில் மூச்சு விடுவார், மழையும் பிடித்துக்கொள்ளும். பதினோரு வருடத்துக் கணக்கு உள்ளவர்களுக்கு அது சரிப்படாது. சாதாரண வாரநாள்தான் நல்லது. மே மாதத்து சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம். வத்தலக்குண்டிலிருந்து ஏறும் வண்டி வெள்ளி அருவி பக்கத்திலேயே நின்றுவிடும், பொறுமை போய், புதிதாக நாலு பாவம் சேர்ந்துவிடும். சொந்த வண்டி என்றால் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எடுக்க வேண்டும்; அரசு பஸ்ஸில் வருபவர்களுக்கு அது வேண்டாம்.

முதல் வேலை: ஒரு துண்டுச் சீட்டு

பாவங்களை நினைத்துப் பார்ப்பதற்கு ஆன்ம சோதனை என்று பெயர். இதை வரிசையில் நின்றுகொண்டு செய்ய முடியாது. முந்தின நாளே, தனியாக, பத்துக் கட்டளைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துவைத்து உட்காருங்கள். அரை மணி நேரம் போதும். அதற்கு மேல் போனால் பாவத்தை நினைப்பது போய், பழைய கதையை ருசித்துக்கொண்டிருப்போம்.

எழுதிக்கொள்வதில் தப்பில்லை. நான் பழைய பில் புக்கின் பின்பக்கத்தில் எழுதினேன். முதல் தடவை எழுதியதைப் படித்துப் பார்த்தால், ஒரு பக்கம் முழுக்க என் தம்பி செய்த பாவம். சொத்துத் தகராறில் அவன் என்ன பேசினான், அவன் மனைவி என்ன சொன்னாள், அம்மா யார் பக்கம் நின்றார். என்னுடையது என்று பார்த்தால் கடைசியில் ‘நானும் கொஞ்சம் கோபப்பட்டேன்’ என்று ஒரு வரி. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினேன்.

எப்படி எழுதுவது? கடைக்காரன் பாஷையில் சொன்னால்: பெயரும் எடையும். என்ன பாவம், ஏறக்குறைய எத்தனை தடவை அல்லது எத்தனை நாளாக. திருச்சபை கேட்பதும் இதைத்தான். கனமான பாவங்களை வகையும் எண்ணிக்கையுமாகச் சொல்ல வேண்டும். சரியான எண்ணிக்கை தெரியாவிட்டால் “வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை, அஞ்சு வருஷமா” என்றால் போதும். காரணம், சூழ்நிலை, எதிராளியின் குணம் எதுவும் வேண்டாம். பாவத்தின் தன்மையையே மாற்றுகிற விவரம் இருந்தால் மட்டும் அதைச் சேருங்கள். பைபிளில் தாவீது அரசர் தன் படைவீரர் உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவையும் கொல்ல வைத்துவிட்டு, இறைவாக்கினர் நாத்தான் வந்து முகத்துக்கு நேரே சொன்னபோது பதிலாகச் சொன்னது ஒரே ஒரு வரிதான்: ஆண்டவருக்கு எதிராகப் பாவம் செய்தேன். அவருக்கு விளக்கம் சொல்லக் காரணமா கிடைத்திருக்காது?

வேலை, வியாபாரம் பற்றிய கட்டளையை யாரும் வேகமாகத் தாண்டிவிடாதீர்கள். ஏழாம் கட்டளை, களவு செய்யாதே. நான் யார் வீட்டிலும் புகுந்து திருடியதில்லை என்று முதலில் அதைத் தாண்டித்தான் போனேன். மறுபடி வந்து நின்றபோதுதான் பூண்டு ஞாபகம் வந்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பூம்பாறை, மன்னவனூர் பக்கத்தில் விளையும் மலைப்பூண்டுக்கு வாசமும் காரமும் அதிகம், நாளும் தாங்கும். வீட்டுக்குள் அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டு, புகை பட வைத்திருப்பார்கள். 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது; அதோடு விலையும் ஏறியது. வடுகபட்டிச் சந்தையில் வடநாட்டுப் பூண்டு அதில் பாதி விலைக்குக்கூடக் கிடைக்கும். நாலு கிலோ மலைப்பூண்டுக்கு ஒரு கிலோ அதைக் கலந்தால் எந்தச் சுற்றுலாக்காரருக்குத் தெரியும்? சரி, ஊரில் எல்லோரும் செய்கிறார்கள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். எல்லோரும் செய்யவில்லை. நான் செய்தேன்.

சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாட்டுப் புத்தகத்துக்குள் யாரோ வைத்து மறந்துபோன ஒரு பட்டியல் என் கைக்கு வந்தது. முதல் வரியைப் படித்ததுமே என்னவென்று புரிந்து, மடித்து, வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பில் போட்டேன். முதல் வரி மட்டும் இன்னும் ஞாபகம் இருக்கிறது, அதற்கு நான் என்ன செய்ய!

அழுகை வராவிட்டால்

மனஸ்தாபம் என்றதும் கண்ணீர் என்று நினைத்துவிடுகிறார்கள். எனக்கு ஒரு சொட்டுக்கூட வரவில்லை. மனஸ்தாபம் உணர்ச்சியைவிட முடிவு சம்பந்தப்பட்டது: செய்தது தப்பு, செய்யாமல் இருந்திருக்கலாம், இனி வேண்டாம். கடவுள் மேல் உள்ள அன்பினால் வருந்துவது உத்தம மனஸ்தாபம். தண்டனைக்குப் பயந்து வருந்துவது அதைவிடக் குறைவுதான். ஆனால் பாவசங்கீர்த்தனத்தோடு சேரும்போது அதுவும் போதும் என்பது திருச்சபையின் போதனை. ஆகவே பயந்துகொண்டு போகிறவர்களும் தாராளமாகப் போகலாம்.

‘திரும்பவும் இதே பாவத்தில் விழுந்துவிடுவேனே, பிறகு பிரதிக்கினைக்கு என்ன அர்த்தம்?’ என்பது நிறையப் பேருடைய தடங்கல். நாளைக்கு விழுவோமோ என்று பயப்படுவது வேறு, நாளைக்குச் செய்யத் திட்டம் போட்டிருப்பது வேறு. முதலாவது இருந்தால் போகலாம். இரண்டாவது இருந்தால், அதாவது கடையில் கலந்த மூட்டையை அப்படியே வைத்துக்கொண்டு போனால், அது ஊரை ஏமாற்றியது போதாதென்று சாமியாரையும் ஏமாற்றுவது. நான் அன்று காலையிலேயே மூட்டையைப் பிரித்தேன். இரண்டையும் தனித்தனியாகப் பொறுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. மங்கின நிறத்தில் இருப்பது மலைப்பூண்டு. வெள்ளை வெளேரென்று இருப்பது மற்றது. கலந்தபோது நிமிடத்தில் முடிந்த வேலை.

உள்ளே என்ன நடக்கும்

வரிசையில் நிற்கும்போது தொட்டியிலிருந்து நாலைந்து அடி தள்ளியே நில்லுங்கள். நீர் சொட்டும் குடையை வெளியே வைத்துவிடுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் உட்கார்ந்தே சொல்லலாம், கேட்டால் நாற்காலி போடுவார்கள். பழைய கோயில்களில் நடுவே துளைகள் போட்ட பலகை இருக்கும். இந்த மறைப்பை 16-ஆம் நூற்றாண்டில் பரவலாக்கியவர் மிலான் நகரத்துப் பேராயர் சார்லஸ் பொரோமேயோ. இப்போது நேருக்கு நேர் உட்கார்ந்தும் கேட்கிறார்கள். எது வேண்டுமோ தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், நான் மறைப்புக்காரன்.

முழந்தாளிட்டு சிலுவை அடையாளம் போடுங்கள். “சாமி, என்னை ஆசீர்வதியும். நான் பாவசங்கீர்த்தனம் பண்ணி இத்தனை வருஷம் ஆச்சு” என்று தொடங்குங்கள். ‘நல்லா நினைவில்லை, ரொம்ப நாளாச்சு, எனக்கு முறையும் மறந்துபோச்சு’ என்று உண்மையைச் சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. மீதியை அவரே எடுத்துக்கொடுப்பார். நான் பதினோரு வருஷம் என்றதும் மறுபக்கம் சத்தமே இல்லை. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். “வந்தீங்களே, நல்லது. சொல்லுங்க” என்றார்.

சொல்வதற்குக் கூசுகிற பாவத்தை முதலில் சொல்லிவிடுங்கள். கடைசிக்கு வைத்தால் தொண்டையில் நின்றுவிடும். தெரிந்தே ஒரு கனமான பாவத்தை மறைத்தால் பாவசங்கீர்த்தனமே செல்லாது. மறதியில் விட்டுப்போனால் கவலையில்லை, அதுவும் மன்னிப்பில் சேர்ந்துவிடும். கனமானது என்றால் அடுத்த முறை சொன்னால் போதும். முடிந்ததும் “இதுக்கும், நினைவுக்கு வராத பாவங்களுக்கும் மன்னிப்புக் கேக்குறேன் சாமி” என்று சொல்லி நிறுத்துங்கள்.

பிறகு அவர் இரண்டு வார்த்தை புத்தி சொல்வார், அபராதம் கொடுப்பார், மனஸ்தாப மந்திரம் சொல்லச் சொல்வார். ‘என் சர்வேசுரா சுவாமி’ என்று தொடங்கும் பழைய மந்திரம் தெரிந்தால் அது. மறந்துபோனால் சொந்த வார்த்தையில் நாலு வரி. அப்போது அவர் கையை நீட்டிப் பாவமன்னிப்பு வாய்பாட்டைச் சொல்லிச் சிலுவை வரைவார். ‘ஆமென்’ சொல்லுங்கள். அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் பஞ்சு போல லேசாக இருக்கும் என்று பலர் சொல்கிறார்கள். எனக்குப் பசித்தது, அவ்வளவுதான். வேறொன்றும் தோன்றவில்லையே என்று யாரும் பயந்துவிட வேண்டாம்.

பெரிய வேலை பின்னால்தான் இருக்கிறது

அபராதமாக எனக்குக் கிடைத்தது ஐந்து பரலோக மந்திரம், ஐந்து அருள்நிறை மந்திரம். பதினோரு வருடத்துக்கு இவ்வளவுதானா என்று மலிவாகப் பட்டது. அதை அன்றைக்கே, கோயிலை விட்டு இறங்குமுன் முடித்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் மறந்துபோகும்.

ஆனால் அவர் மந்திரத்தோடு விடவில்லை. பூண்டு விஷயம் வந்ததும் கேட்டார்:

“வாரத்துக்கு எத்தனை கிலோ?”

“சீசன்ல இருபது இருபத்தஞ்சு போகும் சாமி. அதுல அஞ்சுல ஒரு பங்கு கலப்படம்.”

“வாங்குனவங்க யாருன்னு தெரியுமா?”

“டூரிஸ்ட்டுங்க சாமி. சென்னை, கேரளா, பெங்களூரு.”

“அப்ப அவங்களுக்குத் திருப்பிக் குடுக்க முடியாது. கணக்குப் போட்டு ஏழைங்களுக்குக் குடுங்க. ஒரேயடியா முடியலைன்னா கொஞ்சம் கொஞ்சமா.”

இது அவருடைய சொந்த யோசனை இல்லை, பொது விதிதான். பிறர் பொருளை எடுத்திருந்தால் மன்னிப்பு மட்டும் போதாது, பொருளும் திரும்பிப் போக வேண்டும். உரியவர் தெரிந்தால் உரியவருக்கு. அவர் இறந்திருந்தால் வாரிசுக்கு. யாரென்றே தெரியாவிட்டால் ஏழைகளுக்கு. ‘நான்தான் எடுத்தேன்’ என்று முகத்தைக் காட்டித்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. சத்தமில்லாமல் போய்ச் சேரும்படி செய்தாலும் சரி. கெட்ட பெயர் உண்டாக்கியிருந்தால், யாரிடம் பரப்பினோமோ அவர்களிடமே திருத்த வேண்டும். இது பணத்தைவிடக் கஷ்டம். பைபிளில் வரும் வரி வசூலித்த சக்கேயு, இயேசு கூப்பிட்டதும் மரத்திலிருந்து இறங்கி வந்து, ஏமாற்றியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான். நாலு மடங்கு என்னால் முடியாது. வந்த தொகையை மட்டும் பில் புக்கில் எழுதிப் பார்த்தேன், இரவு தூக்கம் போய்விட்டது. பங்கில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையிடம் மாதத் தவணையாகக் கட்டினேன். முடிய ஒன்றரை வருடம் ஆயிற்று.

உள்ளூர்க்காரர் ஒரே ஒருவர்தான். ஒரு லாட்ஜில் சமையல் செய்யும் அக்கா, வாராவாரம் என்னிடம்தான் வாங்குவார். ஒரு கிலோ நல்ல பூண்டைக் காசு வாங்காமல் கொடுத்து, விஷயத்தையும் சொன்னேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

“எனக்கு அப்பவே தெரியும் தம்பி. மலைப்பூண்டு உரிச்சா ரெண்டு நாளைக்கு விரல் மணக்கும். உங்க கடைப் பூண்டுல பாதி மணக்கவே இல்லையே.”

“அப்புறம் ஏங்க்கா எங்கிட்டயே வாங்குனீங்க?”

“வேற கடைக்கு மேடு ஏறணும்ல.”

பாவம் அல்லாதவை

கேட்டுக்கொண்டு வருகிறவர்களில் சிலருடைய முகத்தைப் பார்த்தாலே, இவர்கள் சுமப்பது பாவம் இல்லை என்று தோன்றும். குழந்தையை இழந்தவர்கள், தூக்கமே வராதவர்கள், காரணம் தெரியாமல் அழுபவர்கள். துக்கம் பாவம் இல்லை. மனச்சோர்வு பாவம் இல்லை. அதற்கு மருத்துவர் இருக்கிறார், அவரிடமும் போக வேண்டும். சின்ன வயதில் வேறொருவர் உங்களுக்குச் செய்த கொடுமை உங்கள் பாவமே இல்லை. அதை நீங்கள் மன்னிப்புக் கேட்கும் பட்டியலில் எழுதவே எழுதாதீர்கள். சொல்லி அழ ஆள் வேண்டும் என்றால், அதற்கென்று தனியாக நேரம் கேட்டு வாங்குங்கள்.

மன்னிக்கப்பட்ட பாவத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு கோயில் கோயிலாக அலைகிறவர்களும் உண்டு. அவர்கள் ஒரே குருவானவரிடம் நிலையாகப் போய், அவர் ‘போதும்’ என்றால் நிறுத்திக்கொள்வதுதான் வழி.

வெளியே தெரியுமா?

கடைசியில் எல்லோரும் வந்து நிற்கும் கேள்வி இதுதான். தெரியாது. கேட்டதை வெளியே சொல்லும் குருவானவர் அந்த நொடியே திருச்சபைக்குப் புறம்பாகிவிடுவார். அந்தத் தண்டனை தானாகவே விழும். நீதிமன்றம் கேட்டாலும் சொல்லக் கூடாது. நீங்கள் இறந்த பிறகும் சொல்லக் கூடாது. உங்களிடமே கூட, தொட்டிக்கு வெளியே, நீங்கள் எடுக்காமல் அவர் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. போனிலோ வாட்ஸ்அப்பிலோ பாவசங்கீர்த்தனம் செல்லாது. நேரில்தான் வர வேண்டும். நீங்கள் சொன்னதை நீங்களே வெளியே சொல்லத் தடை இல்லை, நான் இப்போது செய்வது அதைத்தான்.

இதை நான் நேரில் ஒரு தடவை பார்த்தேன். நான் போய்வந்து மூன்று நாலு வாரம் இருக்கும். மாலை மூடுபனியில் கம்பளிக் குல்லாவோடு ஒருவர் கடைக்கு வந்தார். குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது, அந்த சாமியார்தான்.

“மலைப்பூண்டு இருக்கா?”

எனக்குக் கை நடுங்கியது. தராசில் போட்டுக்கொண்டே, “சாமி, இது சுத்தமான மலைப்பூண்டு. ஒரு பல்லுகூடக் கலப்படம் இல்ல” என்று உளறிவிட்டேன்.

அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அப்படியா? இதுலகூடக் கலப்படம் பண்ணுவாங்களா என்ன?” என்றார். அரைக் கிலோ வாங்கிக்கொண்டு, பத்து ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரமும் பேசிவிட்டுப் போனார்.